மூன்று இறாத்தல் இரண்டு அவுன்ஸ்

மோர்டன்
23 ஏப்ரல் 2006

அன்புள்ள ஜம்பு அண்ணைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் முழங்காலும் காது மிஷினும் எப்படி இருக்கின்றன? போனில் நான் தொண்டை கிழியக் கத்தியதில் உங்களுக்குப் பாதிகூட விளங்கியிராது. நம் தூண்டில் சங்கத்து விதியும், மீனைப் பதிய வேண்டுமென்றால் பிடித்தவர் கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டும் என்கிறது. ஆகவே பதிவாளர் ஐயா அவர்களுக்கு, படிவத்தையும் இணைத்து, முறைப்படி விண்ணப்பிக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் வாண்டில் ஆற்றுத் தடுப்பணை இருக்கிறதல்லவா, அதன் கீழே உள்ள மடுவில் நேற்றுக் காலை ஒரு பிரவுன் ட்ரவுட் பிடித்தேன். இந்த ஆற்றில் நான் இதுவரை கண்டதெல்லாம் சாண் நீள மீன்கள். இது முழங்கையைத் தாண்டியது. தராசைக் கையில் பிடித்து நிறுத்தேன், இரண்டு இறாத்தல் பதினான்கு அவுன்ஸ். படம் எடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் சிவனேஸ்வரி, "பிடிச்ச மீனைத் தண்ணிக்குள்ளையே விட்டிட்டு வெறுங்கையோடை வாற ஒரே யாழ்ப்பாணத்தான் நீங்கள்தான்" என்று சொல்லிப் பருப்புக்கறியை ஊற்றினாள். எல்லாம் உங்களால் வந்தது. ஆஸ்பத்திரியில் நான் ட்ரொலி தள்ளிய காலத்தில், லாபில் இருந்த நீங்கள் இந்தத் தூண்டிலைக் கையில் தராமல் விட்டிருந்தால், சனிக்கிழமைகளில் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன்.

இதை ஸ்பெசிமன், அதாவது பலகையில் ஏறத் தகுந்த பெரிய மீன் என்று பதிவீர்களா? சங்கக் கொட்டிலில் தொங்கும் பலகையில் என் பெயரை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். இருபது வருடமாக இந்த நாட்டில் என் முழுப்பெயரை ஒருவரும் பிழையில்லாமல் எழுதியதில்லை. பலகை எழுதுபவராவது எழுதிப் பழகட்டும்.

அன்புடன்,
ஸ்ரீஸ்கந்தராஜா


ஈஸ்ட் ஹாம்
30 ஏப்ரல் 2006

அன்புத் தம்பி ஸ்கந்தராஜாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. காது மிஷின் விசில் அடிக்கிறது. முழங்கால் மழை வருவதை மட்டும் முன்கூட்டியே சொல்கிறது. மற்றபடி சௌக்கியம்.

ஸ்பெசிமன் என்பது ஆற்றுக்கு ஆறு மாறும், தம்பி. தெற்கே ஹாம்ப்ஷயர் பக்கத்துப் பெரிய ஆறுகளில் ஐந்து பவுண்டுக்குக் குறைந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நம்முடையது சின்ன ஆறு. ஆகவே சங்கம் வைத்த எல்லை மூன்று பவுண்டு, உங்கள் கணக்கில் மூன்று இறாத்தல். அதுவும் ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த காட்டு மீனாக இருக்க வேண்டும். தொட்டியில் வளர்த்துக் கொண்டுவந்து விட்ட மீன் எத்தனை கொழுத்திருந்தாலும் கணக்கில் வராது. அதன் வாலும் செட்டையும் சிமெண்டில் உரசித் தேய்ந்திருக்கும். தோள்பக்கத்துச் செதில் ஐந்தை எடுத்து உறையில் போட்டு அனுப்புங்கள். மரத்துக்கு வளையம் போல, செதிலிலும் ஒரு குளிர்காலத்துக்கு ஒரு வளையம் விழும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மீனின் ஜாதகமே தெரிந்துவிடும்.

கையில் பிடித்து நிறுத்தது செல்லாது. தராசைக் கிளையில் கட்டித் தொங்கவிட வேண்டும். நனைந்த வலையின் எடையைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படிவத்தில் சாட்சி என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். மீனையும் தராசு முள்ளையும் தன் கண்ணால் பார்த்த ஒருவர் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். இது விதி. எனக்கு வேண்டியவர் என்பதற்காக வளைக்க முடியாது.

இப்போது பலகையில் இருப்பது 2000இல் அடியேன் பிடித்த மூன்று பவுண்டு மீன். அதை இறக்க வாருங்கள், சந்தோஷம்தான். சிவனேஸ்வரிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பருப்பும் உடம்புக்கு நல்லதுதான்.

உங்கள்,
ஜம்புநாதன்


மோர்டன்
11 ஜூன் 2006

அன்புள்ள ஜம்பு அண்ணைக்கு,

பலகையிலிருந்து இறங்கத் தயாராகுங்கள்!

நேற்று அதே மீன் திரும்ப அகப்பட்டது. கண்ணுக்குக் கீழே மூன்று கறுப்புப் புள்ளிகள் முக்கோணமாக இருப்பதை முதல் படத்திலேயே பார்த்து வைத்திருந்தேன். நீங்கள் சொன்னபடி தராசைக் கிளையில் கட்டினேன். வலை ஒன்பது அவுன்ஸ், கழித்தாயிற்று. மூன்று இறாத்தல் இரண்டு அவுன்ஸ். செதில் ஐந்தும் உறைக்குள் இருக்கின்றன.

சாட்சியும் கிடைத்தார். எங்கள் ஆள்தான், தமிழர். எதிர்க்கரை ஓரம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. "அண்ணை, ஒருக்கால் இதைப் பாத்துச் சொல்லுங்கோ" என்று கூப்பிட்டேன். "மூண்டு ரெண்டு" என்றார், முள் ஆடி நிற்கும் முன்னமே. ஆற்று நடுவில் இருக்கும் தட்டைக் கல்லில் படிவத்தையும் பென்சிலையும் வைத்துவிட்டு, மீனை விடக் குனிந்தேன். நிமிர்ந்தபோது கையெழுத்து விழுந்திருந்தது. மனிதர் பழைய இடத்திலேயே நிற்கிறார். தண்ணீரில் நடந்த சத்தம் கேட்கவே இல்லை. தாள் எல்லா இடமும் காய்ந்திருக்க, பெயர் எழுதிய இடம் மட்டும் நனைந்திருந்தது. வாசிக்க முடிகிறதல்லவா? அதனால் பதிவுக்குத் தடை இராதென்று நம்புகிறேன்.

உங்களைத் தெரியுமாம். "ஜம்பு எப்ப வாறார்?" என்று கேட்டார். பழைய சிநேகிதரா?

அன்புடன்,
ஸ்ரீஸ்கந்தராஜா


ஈஸ்ட் ஹாம்
16 ஜூன் 2006

தம்பி,

படிவமும் செதிலும் கிடைத்தன. ஆறு வளையங்கள். காட்டு மீன்தான், சந்தேகமில்லை. பதிவைப் பற்றிப் பிறகு பேசலாம்.

சாட்சி என்ற இடத்தில் க. புவனேசன், அப்டன் பார்க் என்று இருக்கிறது. அதை நீங்களே எழுதினீர்களா? யாராவது விளையாட்டுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்களா? உண்மையைச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டேன். அந்த மனிதருக்கு என்ன வயது, என்ன உடை, வேறென்ன பேசினார் என்பதை ஒன்று விடாமல் எழுதுங்கள்.

அதுவரை அந்த மடுவுக்குப் போக வேண்டாம். ஆற்றில் வேறு எத்தனையோ இடம் இருக்கிறது.

ஜம்புநாதன்


மோர்டன்
25 ஜூன் 2006

ஜம்பு அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து மனம் நொந்துபோனேன். கள்ளக் கையெழுத்துப் போட்டு மீன் பதிகிற அளவுக்கு நான் கெட்டுப்போய்விட்டேனா? சிவனேஸ்வரியிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் உங்களுக்கு இந்த வீட்டில் இனித் தேத்தண்ணி கிடையாது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த ஆள். பச்சைக் கோட்டு, ஒரு பக்கப் பை கிழிந்து தொங்குகிறது. மூன்று கிழமையாக இங்கே மழை இல்லை, புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறது. ஆனால் அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

நேற்று உங்கள் சொல்லை மீறிப் போனேன், ரோஷத்தில்தான். "இஞ்சாலை வாரும், மீன் இஞ்சை கிடக்கு" என்று கூப்பிட்டார். இடுப்பளவு இறங்கினேன். காலுக்குக் கீழே சரளைக் கல் இருந்தது, அடுத்த அடியில் ஒன்றுமே இல்லை. தற்செயலாக ஒரு வேர் கையில் பட்டது, அதைப் பிடித்து ஏறினேன். அண்ணை, அந்த ஆள் எட்டிக் கைகொடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆறு மணி எண்டவர், இன்னும் காணேல்லை" என்றார். என்னிடம் சொன்னது போலவே இல்லை. நான் கரையேறித் திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

உங்களுக்கும் அவருக்கும் இடையில் என்ன? எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸ்ரீஸ்கந்தராஜா


ஈஸ்ட் ஹாம்
2 ஜூலை 2006

அன்புத் தம்பி ஸ்கந்தராஜாவுக்கு,

நீங்கள் பிழைத்து வந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். அவர் எத்தனை முறை கூப்பிட்டாலும் இனித் தண்ணீரில் இறங்காதீர்கள். உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடுங்கள். அது பொய்க் கையெழுத்தாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

புவனேசன் செத்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. நீங்கள் சங்கத்தில் சேர்வதற்கு முந்தின வருடம். 2001 செப்டம்பரில் அதே மடுவில் ஒரு ட்ரவுட் பிடித்ததாக எனக்கு எழுதினார். மூன்று பவுண்டு இரண்டு அவுன்ஸ். செதிலும் படமும் அனுப்பியிருந்தார், சாட்சி இல்லை. சங்கக் கூட்டத்தில் அவர் கடிதத்தை நான்தான் படித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் செதிலையும் படத்தையும் நான் முதல் நாளே பார்த்திருந்தேன். அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். பலகையில் என் மீன் ஏறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என்னால் அதை விட முடியவில்லை.

வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதை நான் திருப்பிப் பிடிப்பன். நீங்களே வந்து கண்ணாலை பாருங்கோ" என்றார். சீசனின் கடைசி நாளான செப்டம்பர் முப்பது, காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று எழுந்து குளித்தேன். ஷூவும் போட்டுக்கொண்டேன். டீ குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது வலிக்கவில்லை. வரவில்லை என்று ஒரு போன்கூடப் போடவில்லை.

மறுநாள் தடுப்பணைக்குக் கீழே அவரை எடுத்தார்கள். வலையைப் பிடித்தபடியே இருந்தாராம். பொய் சொல்லி அகப்பட்ட வெட்கத்தில் தானாகவே விழுந்தார் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய செதிலையும் அவர் அனுப்பியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து குளிர்காலம் போயிருக்கிறது, ஐந்து வளையம் கூடியிருக்க வேண்டும். அதிலும் ஆறு, இதிலும் ஆறு. அவர் படத்திலும் கண்ணுக்குக் கீழே அந்த மூன்று புள்ளி. கையெழுத்தும் அவருடையதே.

சத்தமில்லாமல் பதவியை விட்டு விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள்,
ஜம்புநாதன்


மோர்டன்
9 ஜூலை 2006

ஜம்பு அண்ணைக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. பொய் எழுதி உங்களுக்கு அனுப்பவும் விருப்பமில்லை.

என்னை ஏன் கேட்கிறீர்கள்? புவனேசனின் மனைவி சந்திரவதனா அக்கா இன்னும் அப்டன் பார்க்கில்தான் இருக்கிறா. நான் கோயிலில் பார்க்கிறவர்தான், அவருடைய மனைவி என்று இப்போதுதான் எனக்குப் பொருந்துகிறது. புருஷன் தன்னை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனார் என்ற கோபத்தில், அவருக்குத் திவசம்கூடச் செய்வதில்லை என்று சிவனேஸ்வரி சொல்லுவாள். ஈஸ்ட் ஹாமிலிருந்து அப்டன் பார்க் ஒரே ஒரு ஸ்டேஷன். ஐந்து வருடமாக அந்த ஒரு ஸ்டேஷன் உங்களுக்குத் தூரமாக இருந்ததா?

போய்ச் சொல்லுங்கள். அதன் பிறகு எனக்கு எழுதுங்கள். என் மீனைப் பதிய வேண்டாம். அவருடைய பெயர் ஏறாத பலகையில் என் பெயர் எனக்குத் தேவையில்லை.

கரையோடு மட்டும் போய்ப் பார்க்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நிற்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஸ்ரீஸ்கந்தராஜா


ஈஸ்ட் ஹாம்
20 ஆகஸ்ட் 2006

அன்புத் தம்பிக்கு,

போய்விட்டு வந்தேன். இரண்டு முறை அப்டன் பார்க்கில் இறங்கி அடுத்த ரயிலில் திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் முறை கதவைத் தட்டினேன்.

அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். "அப்ப அவர் வேணுமெண்டு போகேல்லையோ?"

"இல்லைம்மா. நான் வருவேன்னு காத்துக்கிட்டு நின்னார்" என்றேன்.

உள்ளே போய்விட்டார்கள். வெகு நேரம் வரவில்லை. எழுந்து போய்விடலாமா என்று இருந்தேன். திரும்பி வந்து, "ஐஞ்சு வருஷமா அந்த மனுசனுக்கு நான் ஒரு பிடி சோறு வைக்கேல்லை" என்று சொல்லி அழுதார்கள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசலில் ஷூ போடும்போது பின்னால் வந்து நின்றார்கள். "நீங்கள் போய் நில்லுங்கோ. சொன்ன நாளிலை, சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கோ" என்றார்கள்.

சங்கத்துக்கும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பலகையில் என் பெயரைச் சுரண்டிவிட்டார்கள். ஆனால் புவனேசன் பெயரை ஏற்ற மாட்டார்களாம். சாட்சி இல்லாத மீன் என்று, நான் சொல்லிக் கொடுத்த விதியை எனக்கே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே செப்டம்பர் முப்பதாம் தேதி நான் வருகிறேன்.

உங்கள் அன்பை இழந்த,
ஜம்புநாதன்


மோர்டன்
24 செப்டம்பர் 2006

அன்புள்ள ஜம்பு அண்ணைக்கு,

இழக்கவில்லை. கோபம் கோபம்தான், அதற்காக நீங்கள் எனக்கு யாரோ ஆகிவிடுவீர்களா? அக்கா இந்த வருடம் திவசத்துக்கு ஐயரிடம் சொல்லிவிட்டாவாம். கோயிலில் சிவனேஸ்வரியிடம் சொல்லிக் கண் கலங்கினாவாம்.

சனிக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட், மாற்ற எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், ஏலாது என்றுவிட்டார்கள். முடிந்ததும் மூன்று மணிக்கு ஆற்றுக்கு வந்துவிடுவேன். அதற்கு முன் நீங்கள் களைத்துப்போனால் நேரே வீட்டுக்குப் போங்கள். சிவனேஸ்வரி விளைமீன் வாங்கி வைத்திருக்கிறாள், கடையில் வாங்கியதால் திரும்ப விடத் தேவையில்லை.

ஒன்று மட்டும் கேளுங்கள். கரையில் நில்லுங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். அந்த இடத்தில் எது தரை, எது பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாது.

அன்புடன்,
ஸ்ரீஸ்கந்தராஜா


1 அக்டோபர் 2006, ஞாயிறு

அன்புத் தம்பி ஸ்கந்தராஜாவுக்கு,

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டேன்.

யாரும் இல்லை. தராசைக் கிளையில் கட்டினேன். வலையை நனைத்து மாட்டி, அதன் எடையைக் குறித்துக்கொண்டேன். எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு, எட்டு, ஒன்பது மணி ஆனது. நாய் கூட்டிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி குட் மார்னிங் சொன்னாள். "புவனேசன், வந்துட்டேன்" என்று ஒரு முறை சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரலே எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்து மணி இருக்கும். காற்று இல்லை. தொங்கிய வலை மெல்லக் கீழே இறங்கியது. வலைக்குள் எதுவும் இல்லை, தம்பி. நூல் விரிந்து விம்மி, அதற்குள் இருந்த ஏதோ ஒன்று இரண்டு தரம் துள்ளியது. தண்ணீர் சொட்டியது. முள் ஆடி ஆடி நின்றது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்று முறை பார்த்தேன். வலையைக் கழித்தால் மூன்று பவுண்டு இரண்டு அவுன்ஸ்.

சாட்சி என்பவன் மீனையும் பார்த்திருக்க வேண்டும், முள்ளையும் பார்த்திருக்க வேண்டும். நான் முள்ளை மட்டும்தான் பார்த்தேன். அவருடைய மீனை எனக்குக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. யார்மேல் குற்றம் சொல்ல முடியும்? சாட்சி என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிடித்தவர் கையெழுத்தும் வேண்டுமே. அதற்காகப் படிவத்தை நடுக்கல்லில் கொண்டுபோய் வைத்தேன். நீங்கள் சொன்னது நினைவில் இருந்தது, ஆனால் கரையில் நின்றபடி எட்டவில்லை. தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்று பயந்தேன், குளிரவே இல்லை. முழங்காலும் வலிக்கவில்லை. மிஷின் எங்கேயோ விழுந்துவிட்டது, அது இல்லாமலே எல்லாம் நன்றாகக் கேட்கிறது. கல்லுக்கு அடியில் தண்ணீர் ஓடுவது, மீன்கள் திரும்புவது எல்லாம்.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சங்கத்தில் கொடுத்துவிடுங்கள். இந்த முறை தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

உங்கள்,
ஜம்புநாதன்


மோர்டன்
5 அக்டோபர் 2006

அன்புள்ள ஜம்பு அண்ணைக்கு,

உங்கள் கடிதம் ஞாயிறு மாலை எங்கள் கதவடியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தபால் வருவதில்லை. உறையில் முத்திரையும் இல்லை. தாள் காய்ந்திருந்தது, உங்கள் பெயரும் அவர் பெயரும் மட்டும் நனைந்திருந்தன.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் வந்தபோது கிளையில் தராசு மட்டும்தான் தொங்கியது. களைத்துப்போய் எங்கள் வீட்டுக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். வீட்டில் சிவனேஸ்வரி இலையைப் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தேன், காது கேட்டிராது என்று சமாதானம் செய்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை சந்திரவதனா அக்கா ஒரு ஸ்டேஷன் ஏறி உங்கள் வீட்டுக்குப் போனா. கதவு திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரிலிருந்து எல்லாம் வாசலில் கிடந்ததாம். சனி விடியும் முன்னமே நீங்கள் போனதைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்டிருக்கிறார், திரும்பி வந்ததை ஒருவரும் காணவில்லை. போலீசார் நேற்று மடு முழுக்கத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

படிவத்தைச் சங்கத்தில் கொடுத்தேன். இரண்டு கையெழுத்தும் பழைய படிவங்களோடு ஒத்துப்போகின்றன என்று செயலாளர், தேதியைக் கேட்காமலே, ஏற்றுக்கொண்டார். அவர் பெயர் இப்போது பலகையில் இருக்கிறது.

இன்று காலை ஆற்றுக்குப் போனேன். எதிர்க்கரையில் புவனேசன் அண்ணை நின்றார். இன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இன்னொருவர், தொப்பி போட்டவர், முழங்கால் தண்ணீரில் சுகமாக நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கி, வா என்று கூப்பிட்டார். நான் போகவில்லை, அண்ணை. நீங்கள்தானே இறங்க வேண்டாம் என்று சொன்னீர்கள்.

இனி அந்தப் பக்கம் போக மாட்டேன். இதை ஈஸ்ட் ஹாம் விலாசத்துக்கே போடுகிறேன். உங்களுக்கு வேறு விலாசம் எனக்குத் தெரியாது.

அன்புடன்,
தம்பி ஸ்ரீஸ்கந்தராஜா